கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டு ஒரு பை கொடுங்கள்

மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில் நகரில் எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடக்கிறது. அதற்கென்று ஒரு வீட்டுப்பயிற்சி நூல் இருந்தது. அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை நானே வரைந்து, நானே எழுத்துக் கோத்தது. பிள்ளைகள் அதை வீட்டில் திறப்பதில்லை என்பதை வாங்கிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். மடிப்புக்கூட விழாமல், கொடுத்த மேனிக்கே திரும்பி வரும். காரணம் அறியப் பெற்றோருக்கு இரண்டு பக்கக் கேள்வித்தாள் கொடுத்தேன். "நூல் பயனுள்ளதா?", "எழுத்து தெளிவாக உள்ளதா?" என்று பன்னிரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். திரும்பி வந்த தாள்கள் அனைத்திலும் "மிக நன்று" என்ற கட்டத்தில்தான் டிக். கீழே கருத்து எழுத விட்டிருந்த இடத்தில் பாதிப்பேர் ஒன்றும் எழுதவில்லை. எழுதியவர்கள் எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் இரண்டே சொல் எழுதியிருந்தார்கள்: "தூ கோரெக்". எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. டீச்சர் கண்விழித்துச் செய்த நூலை முகத்துக்கு நேரே குறை சொல்வது நம் வீடுகளில் வழக்கம் இல்லை. அந்தத் தாள் அவர்களிடம் கேட்டது, "எங்கள் உழைப்பை மதிக்கிறீர்களா?" என்ற ஒன்றைத்தான். அதற்கு அவர்கள் உண்மையான பதிலையே தந்தார்கள். நான் அறிய விரும்பியது வேறு. அதை எப்படிக் கேட்பது என்று எனக்குத்தான் தெரியவில்லை.

மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படித்து, பதினேழு ஆண்டு தொடக்கப்பள்ளியில் கற்பித்துவிட்டு, இப்போது பாடநூல்களும் படிப்பு அட்டைகளும் வடிவமைக்கிறேன். அந்தக் கேள்வித்தாளுக்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட வேலைமுறையை, அதாவது சில பொருள்கள் வைத்த பையை வீடுகளுக்குக் கொடுத்து, திரும்பி வருவதிலிருந்து கற்கும் முறையை, இங்கே எழுதுகிறேன். சங்கத்துக்கு ஒரு செயலி செய்பவர், கோயிலுக்கு அறிவிப்புப் பலகை வைப்பவர், கடைக்கு ஒரு விலைப்பட்டியல் போடுபவர் என்று யாரானாலும் பயன்படுத்தலாம்.

முதலில் இந்தத் தீவில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். 1998 நவம்பரில் நம் புதிய ரூபாய் நோட்டுகள் வந்தன. தாளும் நிறமும் நன்றாகவே இருந்தன. ஆனால் அதுவரை ஆங்கிலத்துக்கு அடுத்த வரியில் இருந்த தமிழ், இந்திக்குக் கீழே இறங்கிவிட்டது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 1999 ஜூனில் பழைய வரிசையோடு புதிய நோட்டுகள் வந்தன. "எந்த வரி மேலே இருக்க வேண்டும்?" என்று கேட்கத் தோன்றியிருந்தால்தான் ஒரு கேள்வித்தாளில் அந்தக் கேள்வி இடம்பெற்றிருக்கும். வடிவமைப்பவர் மனத்தில் எழாத கேள்விக்குக் கட்டம் போட்டு வைக்க முடியாது. நான் சொல்லப்போகும் முறைகள் அப்படிப்பட்ட கேள்விகள் தாமாக மேலே வருவதற்கு வழி விடுபவை.

இந்த முறை எங்கிருந்து வந்தது

பில் கேவர், டோனி டன், எலேனா பசென்டி என்ற வடிவமைப்பு ஆய்வாளர்கள் மூவர் 1999இல் இதைப் பற்றி எழுதினார்கள். ஓஸ்லோவின் மயோர்ஸ்டுவா, ஆம்ஸ்டர்டாமின் பெய்ல்மர், இத்தாலியில் பீசாவுக்கு அருகே பெச்சோலி ஆகிய மூன்று இடங்களில் வாழ்ந்த முதியவர்களுக்காக ஏதாவது வடிவமைக்க வேண்டும் என்பது அவர்களுடைய வேலை. பேட்டி எடுப்பதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு பொதி கொடுத்தார்கள். அதில் கேள்வி அச்சிட்ட தபால் அட்டைகள், ஒட்டுவில்லைகளோடு வரைபடங்கள், ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் கேமரா, படம் ஒட்ட ஒரு ஆல்பம், ஒரு நாட்குறிப்பு எல்லாம் இருந்தன. "உங்கள் வீடு", "இன்று நீங்கள் உடுத்தப்போவது", "சலிப்பான ஏதோ ஒன்று" என்று எடுக்க வேண்டிய படங்களின் பட்டியல் கேமராவின் முதுகில் இருந்தது. பொதிகள் திரும்பி வந்தபோது மூன்று ஊர்களுக்கும் மூன்று வேறு மனநிலைகள் இருப்பது தெரிந்தது. மூன்றுக்கும் மூன்று வேறு திட்டங்கள் பிறந்தன.

ஆங்கிலத்தில் இதற்குக் கல்ச்சுரல் புரோப் என்று பெயர். நான் பை என்றே சொல்கிறேன், நான் கொடுப்பது துணிப்பை என்பதால்.

லிஸ் சாண்டர்ஸ் என்ற வடிவமைப்பு ஆய்வாளரின் பாகுபாடு ஒன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் சொல்வதைக் கேட்கலாம், செய்வதைப் பார்க்கலாம், அவர்கள் கையால் ஒன்றை உருவாக்க வைக்கலாம். சொல்வதில் அவர்கள் ஏற்கெனவே வார்த்தையாக்கி வைத்திருப்பது மட்டும் கிடைக்கும். இன்னும் வார்த்தையாகாத விருப்பமும் கூச்சமும் உருவாக்கும்போது வெளிவரும். என் முப்பத்துச் சொச்சக் கேள்வித்தாள்களும் முதல் வகையோடு நின்றுவிட்டவை.

பை தைப்பதற்கு முன்

உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். நான் மூன்று எழுதினேன்: எழுத்து சிறியதாக இருக்கிறது, படங்கள் போதவில்லை, பிள்ளைகளுக்குக் கைப்பேசிதான் பிடிக்கிறது. இப்படி எழுதி மூடாவிட்டால், பை திரும்பி வந்ததும் நம் கண் இந்த மூன்றைத்தான் அதற்குள் தேடும்.

அடுத்தது வீடுகளைத் தேர்ந்தெடுப்பது. எட்டு முதல் பன்னிரண்டு வீடு போதும். நான் பதினொன்று எடுத்தேன். ஒழுங்காக வரும் பிள்ளைகளின் வீடுகள் மட்டும் போதாது. பாதியில் நின்றுபோனவர்களின் வீடு மூன்று, ஒருநாளும் வகுப்புக்கு வராதவர்களின் வீடு இரண்டு என்று வலிந்து சேர்த்தேன். விட்டுப் போனவர்களிடம் போய் நிற்பது சங்கடம்தான். ஆனால் பிறகு என் வேலையின் திசையைத் திருப்பிய பைகளில் இரண்டு அவர்கள் வீட்டிலிருந்தே வந்தன.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஜனவரியில் பள்ளி திறக்கும், புயல் மழையும் அப்போதுதான். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கும் வீட்டில் நம் பையைத் தொட நேரம் இருக்காது. விரதத்தையே ஆராய்வதானால் அதுதான் சரியான காலம், எனக்கு அது தேவைப்படவில்லை. ஜூன் மாதத்தில் கொடுத்தேன். இருட்டுச் சீக்கிரம் வரும், குடும்பம் வீட்டுக்குள் இருக்கும்.

பைக்குள் என்ன வைப்பது

ஆறு பொருள் வைத்தேன். அதற்கு மேல் போனால் வீட்டுப்பாடமாகிவிடும்.

முதலாவது, வீட்டின் படம். ஒரு தாளில் வெறும் சுவர்கோடுகள் மட்டும், அறைகளை அவர்களே பிரித்துக்கொள்ளட்டும். ஒட்டுவதற்குக் கடையில் விற்கும் ஸ்டிக்கர் பொட்டு மூன்று நிறத்தில். தமிழ் காதில் விழும் இடத்தில் மஞ்சள். தமிழைக் கண்ணால் பார்க்கும் இடத்தில் சிவப்பு. தமிழ் என்றதும் மனம் சுருங்கும் இடத்தில் கறுப்பு. பொட்டு என்பதால் பாட்டிகள் தயங்காமல் கை வைத்தார்கள். வேறு ஒட்டுவில்லை கொடுத்திருந்தால் அதைப் பிள்ளைகள் வேலை என்று தள்ளிவிட்டிருப்பார்கள்.

இரண்டாவது, ஒரு வாரக் கடை லிஸ்ட். வீட்டில் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படியே எழுதுங்கள், எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம் என்று மேலே ஒரு வரி. இதை ஏறக்குறைய கடைசி நேரத்தில்தான் சேர்த்தேன். அதிகம் பேசியது இதுதான்.

மூன்றாவது, கைப்பேசியில் எட்டுப் படம். வீட்டிலேயே பழைய தமிழ்ப் பொருள், இன்று சலிப்பூட்டிய ஒன்று, பிள்ளை விரும்பி உட்காரும் இடம், நீங்கள் ஒளித்து வைக்க நினைப்பது என்று எட்டுக் குறிப்பு. "தமிழ் படிக்கும் காட்சி" என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். பிள்ளையைக் குளிப்பாட்டி, தலை சீவி, மேசை முன் உட்காரவைத்து எடுத்த படம்தான் வரும்.

நான்காவது, ஒரு எவர்சில்வர் டம்ளரும் அழிக்கக்கூடிய பேனாவும். கேவரும் அவர் கூட்டாளிகளும் பின்னொரு ஆய்வில் ஒரு கண்ணாடிக் குவளை கொடுத்து, அதைச் சுவரில் வைத்து வீட்டின் ஓசைகளைக் கேட்டு, கேட்டதைக் குவளை மேலேயே எழுதச் சொன்னார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆசை. பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்திருந்தது. என் வேலைக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும், பையை அவிழ்க்கப் பிள்ளைகள் ஓடி வந்தது இதற்காகத்தான்.

ஐந்தாவது, என் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய அட்டைகள் மூன்று. ஒவ்வொன்றிலும் பாதி வாக்கியம். "எங்கள் வீட்டில் யாரும் சொல்லித் தராமலே தெரிந்துகொண்டது..." என்று ஒன்று.

ஆறாவது, தமிழுக்கு ஒரு கடிதம். தமிழ் உங்கள் வீட்டுக்கு வந்துபோகும் ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டு, எந்த மொழியிலும் எழுதலாம்.

இவற்றை எழுதும்போது நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இரண்டு. ஆமாம் அல்லது இல்லை என்று முடிக்க முடிகிற எதுவும் பையில் இருக்கக்கூடாது. இரண்டு வீட்டில் ஒரே பதில் வரும் என்று தோன்றினால் அதையும் எடுத்துவிட வேண்டும். அதே நேரம், "தமிழைப் பற்றி உங்கள் எண்ணம் என்ன?" என்பது போல அகலமாகவும் இருக்கக்கூடாது. அகலமான கேள்விக்கு மேடைப்பேச்சுதான் பதிலாக வரும். கடை லிஸ்ட்டைப் போலச் சின்னதாக, கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும். திறந்த முறை என்பதற்காக எதையும் யோசிக்காமல் விடலாம் என்று அர்த்தம் இல்லை. கேள்வித்தாளை ஒரு மாலையில் எழுதி முடித்தேன். இந்த ஆறு பொருளுக்கு மூன்று வாரம் ஆனது.

பையின் தோற்றத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் இரண்டு பைகளைக் கெட்டியான பளபளப்புத் தாளில், ஓரமெல்லாம் கோலம் வரைந்து செய்தேன். ஒரு வாரம் கழித்துப் போனால், அதை வாங்கிய ஒரு அக்கா எல்லாவற்றையும் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார். "இவ்வளவு அழகாச் செஞ்சிருக்கீங்க டீச்சர், இதுல எப்படிக் கிறுக்குறது?" என்றார். மறுபடி பழுப்புத் தாளில் செய்தேன். ஒவ்வொரு தாளிலும் என் கையெழுத்தில் ஒரு வரி எழுதி, ஒரு இடத்தில் அடித்துத் திருத்தியும் வைத்தேன். முதல் கிறுக்கல் உங்களுடையதாக இருந்தால் அடுத்தது அவர்களுக்குச் சுலபம்.

கொடுப்பதும் காத்திருப்பதும்

யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள், நீங்களே வீட்டுக்குப் போங்கள். தேநீர் குடித்து முடிக்கும்வரை பையைத் திறக்க வேண்டாம். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, சரி தவறு இதில் இல்லை, பிடிக்காததை விட்டுவிடலாம், வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று சொல்லுங்கள். முன்கூட்டியே ஒரு பையை உங்கள் வீட்டிலேயே செய்து பார்த்திருந்தால் எங்கே தடுமாறுவார்கள் என்பது தெரிந்திருக்கும். என் கணவர் கடிதத்தை மூன்று நாள் தொடாமல் இருந்ததைப் பார்த்துத்தான், எந்த மொழியிலும் எழுதலாம் என்ற வரியைச் சேர்த்தேன்.

பத்து நாள் கொடுங்கள். ஐந்தாம் நாள் ஒரே ஒரு செய்தி, நலம் விசாரித்து. பதினொன்றில் ஒன்பது பை திரும்பி வந்தது.

அனுமதி விஷயத்தில் கறாராக இருங்கள். 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையின் விவரத்துக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சட்டத்துக்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது. பூஜையறைப் படத்தில் மாலை போட்ட தாத்தா இருப்பார். கடிதத்தில் மாமியாரைப் பற்றி ஒரு வரி இருக்கும். முன்பு ஒரு நிறுவனத்துக்காக இப்படிச் சேகரித்துக் கொடுத்தபோது, ஒரு மூதாட்டி எழுதிய கடிதத்தை அவரிடம் கேட்காமலே பெரிதாக்கிச் சுவரொட்டியில் போட்டுவிட்டார்கள். தன் கையெழுத்தைச் சுவரில் பார்த்த அந்த அம்மாவின் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பொருளை எங்கே யாருக்குக் காட்டலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர்கள் சொல்வதைப் பொருளின் முதுகிலேயே எழுதிக்கொள்கிறேன்.

பையோடு உட்காருதல்

வேலையின் உயிர் இங்கேதான். பை திரும்பி வந்ததும் பிரித்துப் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். திரும்ப எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போங்கள், ஒன்றரை மணிநேரம் ஒதுக்கி. பொருளைத் தரையில் பரப்பி, அவர்களைப் பேசவிடுங்கள்.

பேச்சுக்கு ஒரு வரிசை உண்டு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வடிவமைப்புக் கற்பிப்பவர்கள் இதைப் பழக்கியிருக்கிறார்கள்: முதலில் இன்றைய நாள், அதிலிருந்து பழைய நினைவு, அதற்குப் பிறகே நாளைய ஆசை. நேராக "உங்களுக்கு எப்படிப்பட்ட நூல் வேண்டும்?" என்று தொடங்கினால் கடையில் பார்த்த நூலைத்தான் சொல்வார்கள். சின்ன வயதைத் தொட்டுவிட்டு வந்தால் தங்களுக்குக் கிடைக்காதுபோனது எது என்று தெரிந்து சொல்வார்கள்.

ஏன் என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். ஏன் என்றால் கணக்குக் கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. "இதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதே போதும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களுக்கு மௌனம் பழகக் கொஞ்சம் நாளாகும்.

ஒரு வீட்டில் நடந்ததைத் தருகிறேன். பேசியது கிரியோலில், தமிழில் எழுதுகிறேன். வீட்டுப் படத்தில் அடுப்படி முழுக்க மஞ்சள் பொட்டு. பூஜையறையில் மஞ்சளும் சிவப்பும். நடுக்கூடத்தில் பிள்ளை படிக்கும் மேசை மேல் மட்டும் ஒரு கறுப்பு.

"பாட்டி, இந்தக் கறுப்புப் பொட்டைப் பற்றிச் சொல்லுங்க."

"அது நான் ஒட்டலம்மா. மருமக ஒட்டினது. அவளையே கேளு."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டார். வெகுநேரம் பேச்சில்லை. பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போனபிறகு பையிலிருந்து கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். பிரெஞ்சில் எழுதியிருந்தது. மற்ற பாடமெல்லாம் மகனுக்குச் சொல்லித் தர அவருக்குத் தெரியும். தமிழ் நூலைத் திறந்ததும் ஒரு எழுத்தும் தெரியாமல் மகன் எதிரில் உட்கார வேண்டியிருக்கிறது. அவன் கேட்பதற்குள் அதை மூடி வைத்துவிடுகிறேன் என்று இருந்தது.

நூலைத் திறக்காமல் இருந்தது பிள்ளை என்று நான் நினைத்திருந்தேன். மூடி வைத்தது தாயின் கூச்சம். பெரியவர்களும் இளையவர்களும் ஒரே அறையில் இருக்கும் வீட்டில் இப்படி ஒன்று வெளிவர, ஒருவர் எழுந்து போகும் இடைவெளி வேண்டும். தண்ணீர் கேளுங்கள், தோட்டம் காட்டச் சொல்லுங்கள், எப்படியாவது ஒவ்வொருவரோடும் தனியே சில நிமிடம் வாய்க்கும்படி செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளோடு பேச, அவர்கள் வரைந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் நீங்களும் ஏதாவது வரையுங்கள்.

இனி கடை லிஸ்ட். ஒன்பது வீட்டிலும் பிரெஞ்சு எழுத்தில் கிரியோலாகவே எழுதியிருந்தார்கள். ஒன்றன்கீழ் ஒன்றாகப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோதோமிலி. காரிபுலே. முரூம். பிபாங்காய். சமைக்கப்போவது ரசோன். கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் முருங்கையும் பீர்க்கங்காயும் ரசமும் இந்தத் தீவின் எல்லாச் சந்தைகளிலும், தமிழர் அல்லாதவர் வாயிலும் நாள்தோறும் புழங்குகின்றன. நானும் தினம் சொல்லும் சொற்கள்தான். அவை தமிழ் என்று ஒன்பது வீட்டில் ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. "எங்களுக்குத் தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாது" என்று சொன்ன வீட்டு லிஸ்ட்டில் ஐந்து தமிழ்ச் சொல் இருந்தது.

கிடைத்ததைக் கூட்டிப் பார்ப்பது

ஒரு பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்புங்கள். ஒரு துண்டுச் சீட்டில் ஒரு செய்தி மட்டும், அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். திருத்தமான தமிழாக மாற்றினால் சுவை போய்விடும். பிறகு எது எதோடு சேர்ந்து உட்கார விரும்புகிறது என்று பார்த்து நகர்த்துங்கள். ஜப்பானிய இனவரைவியலாளர் ஜிரோ கவாகிடா வகுத்த முறை இது. குடும்பப்பெயரை முன்னால் வைக்கும் ஜப்பானிய வழக்கப்படி, அவருடைய முதலெழுத்துகளால் கேஜே முறை என்கிறார்கள். தலைப்புகளை முதலில் எழுதி வைத்து அவற்றின்கீழ் சீட்டுகளை அடுக்குவது இதற்கு நேர் எதிர், அதைச் செய்யாதீர்கள். கூட்டம் சேர்ந்த பிறகு பெயர் வையுங்கள். எதோடும் சேராத சீட்டைத் தூக்கி எறியாமல் ஓரமாக வையுங்கள். என் பாயில் "டம்ளரில் கேட்டது: பாட்டி தூக்கத்தில் தமிழ் பேசுகிறார்" என்ற சீட்டு கடைசிவரை தனியாகவே கிடந்தது. அதை எங்கே வைப்பது என்று இன்றும் தெரியவில்லை, ஆனாலும் என் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன்.

எண்ணத் தொடங்காதீர்கள். மஞ்சள் பொட்டு மொத்தம் எத்தனை என்று கூட்டி விழுக்காடு போடும் ஆசை வரும், அறிக்கை கேட்பவர்களும் அதையே கேட்பார்கள். கேவரும் அவர் கூட்டாளிகளும் 2004இல் மறுபடி எழுதியபோது வருந்தியது இதற்குத்தான்: பொதிகளைப் புள்ளிவிவரமாக்கினால் அவற்றின் நிச்சயமின்மையும், அதிலிருந்து பிறக்கும் கற்பனையும் போய்விடும் என்றார்கள். ஒன்பது வீட்டை வைத்து நாடு முழுவதும் இப்படித்தான் என்று சொல்லவும் கூடாது. எத்தனை பிரதி அச்சிட வேண்டும், எந்த நாள் வகுப்பு வசதி என்பதற்கெல்லாம் கேள்வித்தாளே போதும், அதற்கு அது நல்ல கருவி.

இப்போது அந்த உறையைப் பிரியுங்கள். நான் எழுதிய மூன்றில் படங்கள் போதவில்லை என்பதற்கு மட்டும் கொஞ்சம் ஆதாரம் இருந்தது. மற்ற இரண்டும் பாயில் எங்கேயும் இல்லை.

கண்டறிந்ததிலிருந்து வடிவத்துக்கு ஒரே தாவலாகத் தாவ வேண்டாம். நடுவில் ஒரு கேள்வி எழுதுங்கள். நான் எழுதியது: "எழுத்துத் தெரியாத தாய், பிள்ளையிடம் தோற்றுப்போகாமல் அவனோடு சேர்ந்து படிக்க என்ன செய்யலாம்?" இந்தக் கேள்வி வந்த பிறகு நூல் என்ற வடிவமே கழன்றுவிட்டது. தமிழ் வாழும் அறை அடுப்படி என்று பொட்டுகள் சொல்லிவிட்டன. அதனால் மசாலா டப்பாவிலும் குளிர்பெட்டிக் கதவிலும் ஒட்டும் அட்டைகள் செய்தேன். முன்பக்கம் தமிழ் எழுத்து, பின்பக்கம் அதே சொல் பிரெஞ்சு எழுத்தில். தாய் யாரும் பார்க்காதபோது திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். அகரத்தில் தொடங்காமல் ரசம் என்ற சொல்லில் தொடங்கினேன். ர, ச, ம் என்று மூன்றே எழுத்து, கொம்பும் காலும் இல்லை, சொல் ஏற்கெனவே நாக்கில் இருக்கிறது. எழுத்து வரிசையை மாற்றுவதற்குச் சங்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் சம்மதிக்கவில்லை. அவர்களிடம் வாதாடுவதற்குப் பதில் கடை லிஸ்ட்டுகளைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

முதல் ஐந்து அட்டைகளைக் கையால் எழுதி மூன்று வீட்டில் இரண்டு வாரம் ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்குப் போனேன். அதில் மஞ்சள் கறை ஏறிய அட்டையும், நனைந்து பிசுபிசுத்த அட்டையும் என்னென்ன தாளில் அச்சிடக்கூடாது என்று சொல்லித் தந்தன.

கடைசியாக, பைகளை அவரவர் வீட்டுக்குத் திருப்பிக் கொடுங்கள். படமெடுத்து வைத்துக்கொண்டு மூலத்தைக் கொடுத்துவிடலாம். கூடவே, அவர்கள் தந்ததிலிருந்து என்ன உண்டானது என்று அந்தப் பொருளையே கையில் கொடுத்துக் காட்டுங்கள். நான் கொடுக்கப் போனபோது அந்த மருமகள் கடிதத்தை மட்டும் என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். பாட்டி பையை வாங்கிக்கொண்டு, உள்ளே இருந்த பொட்டு அட்டையில் மிச்சம் எத்தனை இருக்கிறது என்று பார்த்தார். தெற்கே கான் தியாப்லில் இருக்கும் தங்கைக்கு ஒரு பை வேண்டும் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன்.